ஒரு கிராம் கரிக்குள் எத்தனை சதுர மீட்டர்? கேள்வி பதில்

தேங்காய்ச் சிரட்டைக் கரி ஒரு கிராமில் 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது என்கிறார்கள். எதைக் கொண்டு அளந்தார்கள்?

நைட்ரஜன் மூலக்கூறுகளை எண்ணித்தான். கூடத்தில் பதித்த ஓடுகளை எண்ணினால் தரையின் பரப்பு தெரிந்துவிடும் அல்லவா, அந்தக் கணக்குதான் இது. 77 கெல்வின் குளிரில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு 0.162 சதுர நானோமீட்டர் இடத்தை அடைக்கிறது. திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு கன சென்டிமீட்டர் நைட்ரஜனை ஒற்றை அடுக்காகப் பரப்பினால் 4.35 சதுர மீட்டரை மூடும். ஒரு கிராம் கரியை ஒற்றை அடுக்காக மூட 230 கன சென்டிமீட்டர் செலவானால், உங்கள் 1,000 வந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், மூலக்கூறுகள் ஓர் அடுக்கோடு நிற்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அந்தக் குவியலிலிருந்து முதல் அடுக்கை மட்டும் பிரித்தெடுக்கும் சமன்பாட்டை 1938-இல் புருனாவர், எம்மெட், டெல்லர் மூவரும் தந்தார்கள். இந்த முறையைப் பிஇடி என்பார்கள்; அது அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகள். பின்னாளில் ஹைட்ரஜன் குண்டோடு பேசப்பட்ட டெல்லர் இவர்தான். கரியின் மிக நுண்ணிய துளைகளில் அடுக்கு என்று ஒன்று உருவாவதே இல்லை, துளை நிரம்பிவிடுகிறது. ஆகவே அந்த 1,000 என்பது தோற்றப் பரப்புதான், உண்மைப் பரப்பு அல்ல.

அதே கரித்துண்டை அளந்தேன். பரப்பு சென்ற வாரம் கிராமுக்கு 850 சதுர மீட்டர் காட்டியது, இந்த வாரம் 610. கருவி பழுதா?

கருவியை விடுங்கள். அளப்பதற்கு முன் மாதிரியில் ஒட்டியிருப்பதை விரட்டும் வாயு நீக்கத்தை எப்படிச் செய்தீர்கள்? கரி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். அதை வெற்றிடத்தில் சூடாக்கி விரட்டாவிட்டால் நைட்ரஜனுக்குத் துளைக்குள் இடம் கிடைக்காது. கரிக்கு நான் 300 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க விடுகிறேன். முடிந்ததா என்று கடிகாரத்தைக் கேட்காதீர்கள். வெற்றிட வால்வை மூடிவிட்டு அழுத்தமானியைப் பாருங்கள். முள் ஏறிக்கொண்டே போனால் உள்ளே இன்னும் ஏதோ வெளியேறுகிறது என்று பொருள்.

அடுத்தது எடை. மாதிரியைப் போடும் குழாயைக் காலியாக எடை போட்டுக்கொள்ளுங்கள். வாயு நீக்கத்துக்குப் பிறகு மாதிரியோடு மறுபடி நிறுங்கள். கழித்து வரும் எடையைத்தான் கருவிக்குத் தர வேண்டும். 100 மில்லிகிராம் கரியில் 12 மில்லிகிராம் தண்ணீர் இருந்து, முதலில் நிறுத்த எடையையே உள்ளிட்டால், விடையில் 12 சதவீதம் அங்கேயே காணாமல் போகும். நானே ஒருமுறை இப்படி ஒரு வாரத்தைத் தொலைத்திருக்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் 300 டிகிரியில் வாட்டிவிடாதீர்கள். மாத்திரையில் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட்டை அப்படிச் சூடாக்கினால் படிக நீர் போய்ப் பொருளே உருமாறிவிடும். அதற்கு 40 டிகிரி போதும்.

மென்பொருள் சார்பழுத்தம் (வாயுவின் அழுத்தத்தை, அது திரவமாகும் அழுத்தத்தால் வகுத்த எண்) 0.05 முதல் 0.30 வரை பிஇடி நேர்கோடு போட்டுப் பொருத்தம் 0.999 என்று காட்டுகிறது. நுண்துளைக் கனிமமான சியோலைட்டுக்கு இது சரிதானே?

சரியில்லை. கோடு நேராக இருப்பது சான்றாகாது. முதலில் பிஇடி சமன்பாட்டில் வரும் சி மாறிலியைப் பாருங்கள். அது எதிர்க்குறியில் வந்தால் அந்த விடையைக் கிழித்துப் போடலாம். பிறகு, கவரப்பட்ட அளவை ஒன்றிலிருந்து சார்பழுத்தம் கழித்த எண்ணால் பெருக்கி வரைந்து, அது ஏறிக்கொண்டே போகும் பகுதியை மட்டும் எடுங்கள். சியோலைட்டில் அது பெரும்பாலும் 0.1-க்குக் கீழேயே முடிந்துவிடும். வசதி இருந்தால் 87 கெல்வினில் ஆர்கானைப் பயன்படுத்துங்கள். நைட்ரஜன் மின்முனைவுள்ள இடங்களில் தனியாக ஒட்டிக்கொள்ளும். ஆர்கானுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது.

துளை அளவுப் பரவலில் 3.8 நானோமீட்டரில் ஊசிபோல ஓர் உச்சம். ஆய்வேட்டில் எழுதலாமா?

பொறுங்கள். நீங்கள் எடுத்தது வெளியேறும் கிளை, அதாவது அழுத்தத்தைக் குறைத்து வாயுவை வெளியேற்றும்போது கிடைக்கும் வளைகோடு என்று நினைக்கிறேன். சார்பழுத்தம் 0.42 அளவுக்கு இறங்கும்போது துளைக்குள் இருக்கும் திரவ நைட்ரஜன் தன் இழுவிசையைத் தாங்காமல் உடைந்து ஒரே மூச்சில் வெளியேறும். அந்தப் பாய்ச்சலைக் கணக்கு துளை என்று எண்ணிக்கொள்கிறது. அழுத்தம் ஏறும் கிளையில் கணக்கிட்டுப் பாருங்கள். அங்கே உச்சம் இல்லையென்றால் அப்படி ஒரு துளை உங்கள் மாதிரியில் இல்லை.

என் பொடியின் பரப்பு கிராமுக்கு 0.2 சதுர மீட்டர்தான். எப்படி அளப்பது?

நைட்ரஜனை விட்டுக் கிரிப்டான் வாயுவுக்கு மாறுங்கள். 77 கெல்வினில் அதன் நிறைவுற்ற ஆவியழுத்தம் நைட்ரஜனுடையதில் ஏறத்தாழ 300-இல் ஒரு பங்கு. குழாயில் பொடி போக மிஞ்சும் காலி இடத்தில் வாயு குறைவாகத் தங்குவதால் பொடி கவர்ந்த சிறு அளவும் தெரியும்.

செங்கல் துண்டின் துளைகளையும் இதே கருவியில் அளக்கலாமா?

பெருந்துளைகளுக்கு இது உதவாது. அங்கே பாதரசத்தை அழுத்தி நுழைத்து அளப்பார்கள். துண்டைத் திருப்பிக் கேட்காதீர்கள், அது பாதரசம் குடித்திருக்கும்.