திரையில் பந்தயம் ஓட்டும் மகனுக்கு உரிமம் எடுத்துத் தரலாமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 17. இரவெல்லாம் கார்ப்பந்தய விளையாட்டுதான். மலைச்சாலையில் காரை வழுக்கவிட்டு ஓட்டுகிறான். அடுத்த ஆண்டு உரிமம் எடுக்க வேண்டுமாம். விளையாட்டை நிறுத்தச் சொல்லவா? - சிங்கப்பூர், ஈசூனிலிருந்து ஒரு தாயார்.

சகோதரி, நிறுத்தச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "வளைவில் பின்சக்கரம் ஏன் வழுக்குகிறது?" என்று கேளுங்கள். பிரேக்கை மிதித்ததும் காரின் எடை முன்சக்கரங்களில் இறங்குகிறது, பின்பக்கம் லேசாகிறது, அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பிடி விட்டுப்போகிறது என்பார். அது உண்மைதான், சாலையிலும் அப்படித்தான் நடக்கும்.

இந்த விளையாட்டுகளின் ஊற்று ஜப்பான். அங்கே இளைஞர்கள் நள்ளிரவில் மலைச்சாலைகளில் போட்டியிட்டார்கள். 1995இல் வெளிவரத் தொடங்கிய ‘இனிஷியல் டி’ என்ற கார்ப்பந்தயப் படக்கதையில் வரும் மலைக்கு மாதிரி, அந்நாட்டின் குன்மா பகுதியிலுள்ள ஹருனா மலை. அப்படிப்பட்ட மலைச்சாலைகளில் ஓட்டிப் பழகிய கெய்ச்சி சுச்சியா என்பவர் பின்னர் முறையான பந்தயத்துக்கு மாறினார். 1999இல் பிரான்சில் நடந்த லெ மான்ஸ் 24 மணி நேரக் கார்ப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்த டொயோட்டாவை ஓட்டிய மூவரில் அவரும் ஒருவர். இதை மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

திரை கற்றுத்தராதது பயம். மோதினால் ஒரு பொத்தானில் கார் புதிதாகிவிடுகிறது. தீவு விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது ஒரு நொடி கவனம் சிதறினால் 25 மீட்டர் கடந்திருப்பீர்கள். நம் ஈரடுக்குப் பேருந்துகள் இரண்டை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய அந்த நீளம் வரும். பிரேக்கை மிதிப்பது அதற்குப் பிறகுதான். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மழையில் இன்னும் கூடும்.

சட்டத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் சிறை, அபராதம். ஓட்டிய காரும் பறிமுதலாகலாம். அப்பாவின் கார் என்றால் அவருக்கும் தலைவலி.

உரிமத்துக்கு முன்பே கார்ட் ஓட்டும் தளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சிறு வண்டியில் பவர் ஸ்டீயரிங் இல்லை. பத்து நிமிடத்தில் முன்கை கனக்கும், வளைவில் விலா எலும்பு இருக்கையில் அழுந்தும். திரையில் இதெல்லாம் கிடையாது. ஒரு ஞாயிறு காலை பழைய அப்பர் தாம்சன் சாலையில் அவரோடு நடந்துவிட்டும் வாருங்கள். 1961 முதல் 1973 வரை நம் கிராண்ட் பிரி பந்தயம் ஓடிய சாலை அது; அந்த வளைவுகள் எவ்வளவு குறுகலானவை என்று நேரில் பார்த்தால்தான் புரியும்.

உரிமம் கிடைத்தபின், முதல் சில மாதங்களில் மழை பெய்யும் நாள்களில் நீங்களோ அவர் அப்பாவோ பக்கத்து இருக்கையில் இருங்கள்.