மாக்டபர்க் வரும் தம்பிக்கு: அறை கையில் இல்லாமல் விமானம் ஏறாதே

தம்பி, அக்டோபரில் மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்துக்கு வருகிறேன், குக்கர் கொண்டு வரலாமா, பார்ட் டைம் வேலை கிடைக்குமா, வந்து இறங்கி மெதுவாக அறை தேடிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். குக்கர் கொண்டு வா. வேலையை முதல் செமஸ்டர் பரீட்சை முடிந்த பிறகு யோசி. பெரும்பாலான பாடங்களில் மூன்று முறை கோட்டை விட்டால் அந்தப் படிப்பையே தொடர முடியாது, அந்தப் பயம் முதலில் இருக்கட்டும். அறை விஷயத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இங்கே படுக்க இடம் கிடைத்தால் போதாது, அந்த இடத்தில் உன் பெயரைப் பதிய வேண்டும். குடிபுகுந்த 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் அன்மெல்டுங், அதாவது விலாசப் பதிவு, செய்யச் சொல்கிறது சட்டம். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும், வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் ஏற்கமாட்டார்கள். பதிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். அந்த எண் இல்லாமல் வேலையில் சேர்ந்தால் அதிகமாக வரி பிடிக்கும் 6ஆம் வரி வகுப்பில் போட்டு சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். விசாவை நீட்டிக்கப் போனாலும் பதிவுச் சான்றிதழைத்தான் முதலில் எடுக்கச் சொல்வார்கள்.

நான் 2016இல் சாக்சனி மாநிலத்துக் கெம்னிட்ஸ் நகரத்துக்கு வந்தபோது நம்ம ஊர் சீனியர் ஒருவர்தான் அறை பிடித்து வைத்திருந்தார். வாடகையைச் சுளையாக வாங்கிக்கொண்டார், ஆனால் நான் அங்கே இருப்பது வீட்டுக்காரருக்கே தெரியாது. இங்கே அடுக்குமாடி வீடுகளில் பொதுவாகக் கதவு எண் கிடையாது, தபால்பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். நான் வெள்ளை டேப்பில் பேனாவால் பெயர் எழுதி ஒட்டினால், வீட்டு நிர்வாகி கண்ணில் பட்டுவிடும் என்று அவர் சாயங்காலமே உரித்துவிடுவார். என் இன்சூரன்ஸ் கார்டு, வங்கிக் கடிதம் எல்லாம் அனுப்பிய இடத்துக்கே திரும்பிப் போயின. கேட்டால், "நண்பன் வீட்டு விலாசம் தரேன், அதுல பதிஞ்சுக்கோ" என்றார். குடியிருக்காத இடத்தில் பதிய விலாசம் தருபவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போடலாம் என்பது அந்த மகானுக்குத் தெரியுமோ என்னவோ.

இப்படிப்பட்ட அண்ணன்கள் இன்னும் இருக்கிறார்கள், உஷார். இங்கே வந்து வருஷக்கணக்காக ஆகியும் ரொட்டிக் கடையில் ஜெர்மனில் ஒரு வாக்கியம் பேச வராது, வாட்ஸப் குரூப்பில் மட்டும் புதுசாக வருகிறவனுக்கு ஓயாமல் உபதேசம். முன்பின் தெரியாதவர் "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பு, சாவி கூரியரில் வரும்" என்றால் பதிலே போடாதே. அட்வான்ஸ் என்று சூடேற்றுதல், தண்ணீர் போன்ற துணைச் செலவுகள் சேராத வாடகையில் 3 மாதத்துக்கு மேல் கேட்க யாருக்கும் உரிமை இல்லை, அதையும் 3 தவணையாகக் கட்டலாம். மாணவர் விடுதிக்கு, அவற்றை நடத்தும் ஸ்டுடென்டன்வெர்க் என்ற அமைப்பில் இன்றே விண்ணப்பம் போடு. முனிச் மாதிரி ஊர்களை விட மாக்டபர்க்கில் வாடகை எவ்வளவோ தேவலாம்.

கடைசியில் எனக்கு நேர்மையான அறை கொடுத்தவர் ஒரு சாக்சன் பாட்டி. அவர் பேசிய வட்டார வழக்குக்கும் சென்னை மாக்ஸ்முல்லர் பவனில் நான் படித்த ஜெர்மனுக்கும் சம்பந்தமே இல்லை. பதிவுத் தாளில் கேட்ட உடனே கையெழுத்துப் போட்டார், போட்டுவிட்டு மாடிப்படி பெருக்கும் முறையைப் பற்றி அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். நம் முறை வரும் வாரம் கதவில் ஒரு அட்டை தொங்கும். கூட்டி, ஈரத்துணி போட்டு, கைப்பிடியையும் துடைத்த பிறகு அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். முதல் தடவை கைப்பிடியை விட்டுவிட்டேன் என்று அட்டையைக் கொண்டுவந்து என் கதவிலேயே திரும்ப மாட்டிவிட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் என் ஜெர்மன் தேறியது அவரிடம் வாங்கிய திட்டில்தான். இப்போது ஸ்டுட்கார்ட்டில் குடித்தனம், இங்கேயும் படிக்கு முறை உண்டு. மேல் மாடியில் புதுசாக வந்திருக்கும் நம்ம பையன்கள் பெருக்காமல் விட்டால் பக்கத்து வீட்டம்மா புகாரை என்னிடம்தான் கொண்டு வருகிறார், நானும் மேலே ஏறிப் போய் பாட்டி மாதிரியே சத்தம் போட்டுவிட்டு வருகிறேன்.