வேலைக்கு ஆள் அனுப்புவோர் கேட்கிறார்கள்

பயிற்சி மையம், ஐ.டி.ஐ., பள்ளி ஆகியவற்றில் இளைஞர்களை வேலைக்குத் தயார் செய்யும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்கு, இந்த இதழில்.

கேள்வி: எங்கள் மையத்தில் படித்த 40 பேரை ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் சேர்த்தோம். மூன்றே மாதத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். “இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை கிடையாது, கவுன்சலிங் கொடுங்கள்” என்கிறார் நிர்வாகி. பலன் இருக்குமா?
- வேலைவாய்ப்பு ஒருங்கிணைப்பாளர், வியாசர்பாடி

பதில்: கவுன்சலிங் இருக்கட்டும். முதலில், நின்றவர் ஒவ்வொருவரும் எந்தத் தேதியில் நின்றார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாதிக் காரணம் அந்தத் தேதியிலேயே தெரிந்துவிடும்.

முதல் வாரத்திலேயே திரும்பியவருக்கு, என்ன வேலை என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. ‘டெக்னீஷியன்’ என்று சொல்லி அனுப்பியிருப்பீர்கள். அங்கே அசெம்பிளி லைனில் எட்டு மணி நேரம் நின்றபடி ஒரே போல்ட்டை முடுக்குகிற வேலை. சேர்வதற்கு முன்பே ஒருநாள் லைனைக் காட்டிக் கூட்டி வாருங்கள். கம்பெனி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லையா, அங்கே வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவரை வகுப்புக்கு வரவழைத்து, ஹெச்.ஆர். பக்கத்தில் இல்லாதபோது பேச விடுங்கள்.

முதல் சம்பளம் ஏறிய மறுநாள் நின்றவரின் கதை வேறு. அவரிடம் சொன்ன தொகையும் கைக்கு வந்த தொகையும் ஒன்றல்ல. ஆஃபர் தாளில் சி.டி.சி. (ஒருவருக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) மாதம் 16,688 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,200, இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) 488 இரண்டும் அடக்கம். அவை போக மொத்தச் சம்பளம் 15,000. அதிலிருந்து தொழிலாளி பங்காக பி.எஃப். 1,200 (அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால் அதில் 12 சதவீதம்), இ.எஸ்.ஐ. 113 (15,000-இல் 0.75 சதவீதம்) பிடிப்பார்கள். கைக்கு வருவது 13,687. கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். இந்தக் கணக்கை வகுப்பில் போர்டில் போட்டுக் காட்டாமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில கம்பெனிகளில் வருகைக் கணக்கு 21-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 20-ஆம் தேதி முடியும். 12-ஆம் தேதி சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் ஒன்பது நாளுக்குத்தான். அதற்குள் ரூம் அட்வான்ஸ், மெஸ் காசு எல்லாம் கொடுத்தாக வேண்டும். வீட்டில் கடன் வாங்கிக் கொடுத்து அனுப்பிய பையன், ஒன்பது நாள் சம்பளத்தைப் பார்த்ததும் பெட்டியைக் கட்டுகிறான். இதைப் பொறுமையின்மை என்பது நியாயமில்லை.

சம்பளமே ஏறாமல் நிற்பதும் நடக்கும். நம் ஊர் முதலெழுத்துப் பழக்கம் இதற்கு ஒரு காரணம். ஆதாரில் முதலெழுத்து முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் பொருந்தாவிட்டால் சம்பளத்தோடு, பி.எஃப். கணக்கின் நிரந்தர எண்ணான யு.ஏ.என். சரிபார்ப்பும் சிக்கும். பயிற்சியின் முதல் வாரத்திலேயே மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, திருத்த வேண்டியதைத் திருத்த அனுப்புங்கள். கடைசி வாரத்தில் செய்தால் நேரம் போதாது.

இரண்டாம், மூன்றாம் மாதத்தில் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் தூரமும் ஷிப்டும்தான் பகை. வியாசர்பாடியிலிருந்து ஒரகடம் 50 கிலோமீட்டருக்கு மேல். காலை 6 மணி ஷிப்டுக்கு விடியும் முன்பே கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். இரவு 10 மணிக்கு ஷிப்ட் முடிந்தால் வீடு சேர நள்ளிரவு தாண்டும். தங்குமிடம் உறுதியாகாதவரை அங்கே அனுப்பவே வேண்டாம். அவருக்குச் சம்பளம் 1,000 ரூபாய் குறைந்தாலும் அம்பத்தூர் தொழிற்பேட்டை மேல்: வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறினால் மாறாமலே பட்டரவாக்கத்தில் இறங்கிவிடலாம்.

சேர்த்த பிறகு மூன்று போன் கட்டாயம்: மூன்றாம் நாள், பத்தாம் நாள், முதல் சம்பளத்துக்கு மறுநாள். “நல்லா இருக்கியா?” என்று கேட்டால் “இருக்கேன் சார்” என்றுதான் பதில் வரும். “எங்கே சாப்பிடுற? நேத்து எந்த ஷிப்ட்? சிலிப்ல எவ்வளவு பிடிச்சிருக்காங்க?” என்று கேளுங்கள். உங்கள் பதிவேட்டில் ‘சேர்ந்தவர்’ பத்தியின் பக்கத்திலேயே ‘90-ஆம் நாள் இருப்பவர்’ என்று இன்னொரு பத்தி போடுங்கள். நிர்வாகிக்கு அதைக் காட்டினால் போதும்.

கேள்வி: பத்தாவது தேறாத பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ.யில் இடம் உண்டா?
- பள்ளி ஆசிரியை, கொருக்குப்பேட்டை

பதில்: உண்டு. எட்டாவது தேறியிருந்தாலே வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். வயது 14 நிரம்பியிருக்க வேண்டும். வெல்டர் ஓராண்டு, வயர்மேன் இரண்டாண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் உண்டு என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. சேர்க்கும்போதே அந்த விண்ணப்பத்தையும் போட வையுங்கள்.

கேள்வி: ஃபிட்டர் முடித்த மாணவருக்கு அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய் என்று சொன்ன கம்பெனி 5,500 மட்டும் போட்டிருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?
- பயிற்றுநர், ஆவடி

பதில்: அநேகமாக இல்லை. அப்ரண்டிஸ் சட்டம் 1961-இன் கீழ், 2019-இல் திருத்திய விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 7,000. டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு 25 சதவீதம், உச்சமாக 1,500 ரூபாய், பகிர்ந்துகொள்கிறது. முன்பு அது கம்பெனிக்குப் போனது. 2023 முதல் நேரே அப்ரண்டிஸின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. கம்பெனி போட்ட 5,500 போக மீதி 1,500 அந்த வழியில் வர வேண்டும். கணக்கு ஆதாரோடு இணையாதிருந்தால் வராது. முதலில் அதைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா? பதிவு எண்ணும் ஒப்பந்த நகலும் மாணவர் கையில் இருக்க வேண்டும். ‘ட்ரெய்னி’ என்று மட்டும் சொல்லி ஒப்பந்தமே போடாமல் வேலை வாங்குகிற இடங்களும் உண்டு. சந்தேகம் வந்தால் சிலிப்பைப் பாருங்கள். அப்ரண்டிஸ் சட்டத்தில் பதிவானவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை. அடிபட்டால் இழப்பீடு தர வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. முடித்த பின் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கம்பெனிக்குக் கிடையாது. அதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

டிப்ளமோ, பட்டப்படிப்பு முடித்தவர்களின் அப்ரண்டிஸ் விவகாரங்களுக்குத் தரமணியில் உள்ள தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியத்தை அணுகலாம்.

கேள்வி: எங்கள் மாணவர்கள் இன்டர்வியூவில் தோற்பது ஆங்கிலத்தால்தான் என்று 60 மணி நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் சேர்க்கப் போகிறோம். சரியா?
- முதல்வர், தனியார் ஐ.டி.ஐ., அம்பத்தூர்

பதில்: குவாலிட்டி இன்ஸ்பெக்டர், மெஷின் ஆபரேட்டர் வேலை என்றால் 20 மணி நேரம் ஆங்கிலத்துக்குப் போதும். மீதி 40 மணி நேரத்தை அளவெடுப்பதற்கு ஒதுக்குங்கள். இந்த வேலைகளுக்கான இன்டர்வியூவில் கையில் வெர்னியர் காலிபரை (மில்லிமீட்டரின் சிறு பங்கு வரை அளக்கும் கருவி) கொடுத்து அளக்கச் சொல்வது சகஜம். முதன்மை அளவில் 24, வெர்னியரில் 48-ஆவது கோடு பொருந்துகிறது. வெர்னியரின் ஒரு கோட்டுக்கு 0.02 மி.மீ. என்ற காலிபரில் 48 × 0.02 = 0.96, அளவு 24.96. பதற்றத்தில் மாணவர் 24.48 என்று வாசித்துவிடுவார். வரைபடத்தில் 25 ± 0.05 என்று இருந்தால் 24.95 முதல் 25.05 வரை நல்ல பீஸ். தப்பாக வாசித்தவர் நல்ல பீஸைக் கழித்துவிட்டார். இவருக்கு ஆங்கிலம் எவ்வளவு வந்தாலும் வேலை கிடைக்காது.

வாரம் ஒருநாள் பத்து பீஸ் கொடுங்கள். மூன்றை எல்லைக்கு வெளியே கடைந்து வையுங்கள். அளக்கும் முன் காலிபரின் தாடைகளை மூடி, அளவு சரியாக ஜீரோ காட்டுகிறதா (ஜீரோ பிழை) என்று பார்த்தாரா என்று கவனியுங்கள். ரீடிங்கைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு “ஏன் ரிஜெக்ட்?” என்று கேட்டு ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் சொல்ல வையுங்கள். அந்த 20 மணி நேரத்தில் பெரும்பகுதி இப்படியே போகட்டும். மீதியில், ஷிப்ட் மாறும்போது அடுத்தவருக்காக எழுதி வைக்கும் லாக் ஷீட் எழுதப் பழக்குங்கள்.