டே கேர்ல விடுற குழந்தை குண்டாகாம இருக்க என்ன செய்யணும்?

நங்கநல்லூரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் ஒன்பது வருடமாக கிரெச் நடத்துகிறேன். இப்போது பதினாறு பிள்ளைகள், ஒன்றரை வயது முதல் ஐந்து வரை. இங்கே பீட்சா, பர்கர் எல்லாம் வருவதில்லை. நான் கண்ட முதல் எதிரி காலி டப்பா.

சாயங்காலம் கூட்டிப்போக வருகிற அம்மாவோ பாட்டியோ, முதலில் பையைத் திறந்து டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பார்கள். மிச்சம் இருந்தால் முகம் சுண்டிவிடும். "புள்ள இளைச்சுப் போயிட்டானே, ஒழுங்கா ஊட்டுறதில்லையா?" அந்தப் பேச்சுக்குப் பயந்து நாங்களும் திணித்தோம். கார்ட்டூன் போட்டுவிட்டால் வாய் தானாகத் திறக்கும் என்பது எங்கள் ஆயாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருநாள் மூன்று வயதுப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் ஆன்ட்டி... ஆனா அம்மா திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தான். கையில் இருந்த தயிர்சாதத்தை அப்படியே டப்பாவில் போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் சாப்பிடும்போது டிவி கிடையாது. போதும் என்றால் போதும். வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் "பாதி சாப்பிட்டான், ஒன்றரை மணிநேரம் தூங்கினான், நல்லா ஓடினான்" என்று போகும். இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். மாதா மாதம் வாடகை கட்டுகிற எனக்கு அது சின்ன அடி இல்லை.

அடுத்தது ஓட்டம். 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 180 நிமிடமாவது ஓடியாடி இருக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க விளையாட வேண்டும், டிவி, மொபைல் எல்லாம் சேர்த்து 1 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. நம்ம ஊர் வெயிலில் எங்கே ஓடவிடுவது? காலை ஒன்பதரைக்குள், இல்லையென்றால் நாலரைக்கு மேல் போர்டிகோவில். ஏப்ரல், மே வந்தால் ஹாலில் நாற்காலிகளை ஓரம்கட்டிவிட்டு குலைகுலையா முந்திரிக்காதான். மேல்வீட்டுத் தாத்தா சத்தம் தாங்காமல் இறங்கி வருவார், அவரையும் வட்டத்தில் உட்காரவைத்துவிடுவோம்.

அழுதால் பிஸ்கட் என்ற பழக்கத்தையும் விட்டோம். அழுகிற பிள்ளையைத் தூக்க ஒரு கை கூடுதலாக வேண்டும், அதனால் இன்னொரு ஆயாவைச் சேர்த்தேன். பாக்கெட் ஜூஸ் உள்ளே வரக் கூடாது, தண்ணீர்தான். பாலில் கலக்கும் பவுடரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலிலிருந்து எடுக்கும்படி ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசே 2024-ல் சொன்னது. நாலு மணிக்கு கொய்யா, பப்பாளி, சுண்டல். சின்னதுகளுக்கு முழுக் கடலை கொடுக்கவே கூடாது, புரையேறிவிடும். மசித்துத்தான் தருவோம். பிறந்தநாள் கேக் மட்டும் இன்னும் என் கைக்கு அடங்கவில்லை. பதினாறு பிள்ளை, பதினாறு கேக்.

நீங்கள் இடம் பார்க்கப் போனால் மெனு கார்டைக் கேட்காதீர்கள். "அழுதா என்ன குடுப்பீங்க, வேண்டாம்னா என்ன செய்வீங்க, எங்க ஓட விடுவீங்க?" என்று கேளுங்கள். ஏற்கெனவே எடை கூடின குழந்தை என்றால் நீங்களாகச் சோற்றைக் குறைக்க வேண்டாம். குழந்தைகள் டாக்டரிடம் காட்டி, உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று வளர்ச்சி அட்டையில் குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அட்டையின் நகல் ஒன்றை கிரெச்சிலும் கொடுத்துவையுங்கள்.