பட்டை சேர்த்தால் போதுமா? – கேரவன் டிரெய்லர் கேள்வி பதில்

காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிதான் கேரவன் டிரெய்லர். அதைப் பற்றிக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். மலை ரோடு, கணவாய்க் காற்று, கடல் உப்பு மூன்றும் ஒரே நாளில் வண்டிக்குக் கிடைக்கும் ஊர். அதனால் கேள்விகளிலும் பாதி அடிப்பாகம், பாதி வயரிங்.

என்னுடையது ஒற்றை ஆக்ஸில் (சக்கர அச்சு) டிரெய்லர், பக்கத்துக்கு நான்கு ஸ்பிரிங் பட்டை. பேச்சிப்பாறை, கோதையாறு ரோட்டில் போனால் ஆக்ஸில் மேலே வண்டிச் சட்டத்தில் (சேஸியில்) 'டங்' என்று இடிக்கிறது. லாரிப் பட்டறையில் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுவிடலாம் என்கிறார்கள். போடலாமா? – குலசேகரம் வாசகர்

இப்போதைக்கு வேண்டாம். முதலில் எடை போடுங்கள். சாமான், தண்ணீர், காஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றி, காரோடு மாட்டியபடியே டிரெய்லரின் இரண்டு சக்கரமும் எடைமேடையில் நிற்கும்படி நிறுத்துங்கள். வருவதுதான் ஆக்ஸில் சுமக்கும் பாரம். ஆக்ஸில் தகட்டில் 1,300 கிலோ என்று பொறித்திருந்தால், 1,100 கிலோவைத் தாண்டாமல் ஓட்டுவது நல்லது. தாண்டியிருந்தால் சாமானைக் குறைப்பதுதான் வைத்தியம். பட்டை எத்தனை சேர்த்தாலும் ஆக்ஸில், பேரிங், டயர் தாங்கும் அளவு ஒரு கிலோகூட ஏறாது. ஆக்ஸிலையே பெரிதாக மாற்றுவது என்றால் ஆர்.சி.யில் உள்ள எடை விவரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

பட்டைக் கணக்கையும் பாருங்கள். ஒரே தடிமனில் நான்கை ஆறாக்கினால் விறைப்பு ஒன்றரை மடங்காகும். ஆனால் லாரிப் பட்டறையில் கைக்குக் கிடைப்பது தடித்த பட்டை. தடிமன் கூடும்போது விறைப்பு அதன் மும்மடியில் (தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில்) ஏறும். 6 மிமீ பட்டையைவிட 8 மிமீ பட்டை ஏறத்தாழ 2.4 மடங்கு விறைப்பு. உங்கள் நான்கு 6 மிமீ பட்டையோடு இரண்டு 8 மிமீ பட்டை சேர்ந்தால் மொத்த விறைப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். இடிப்பது நிற்கும், வண்டி குதிக்க ஆரம்பிக்கும். அலமாரிக் கீல் ஸ்க்ரூ கழன்று வரும், கூரை மூட்டு விட்டு மழை இறங்கும், வயர் மூட்டுகள் தளரும்.

எடை சரியாக இருந்தும் இடிக்கிறதென்றால் காரணம் வேறு. சமதரையில் பாரத்தோடு நிறுத்தி, ஆக்ஸிலின் மேல்பக்கத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 10 மிமீ-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒன்று, பாரம் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. அல்லது ஒரு பட்டை செட் தளர்ந்துவிட்டது. பாரத்தில் பட்டை நேராகி, எதிர்ப்பக்கம் வளையவே தொடங்கிவிட்டது என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றினால் இருபுறமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்தே ஓடும். பட்டைகளுக்கு இடையே துரு ஏறி உப்பியிருந்தால் செட்டைக் கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, கிராஃபைட் கிரீஸ் தடவி மறுபடி கட்டலாம். அப்படிக் கழற்றும்போது, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பட்டை பெரும்பாலும் அங்கேதான் முறியும். விரிசலில் வெல்டிங் வைத்துத் தரச் சொல்லாதீர்கள். சூட்டில் பட்டையின் பதம் போய்விடும், அடுத்த குழியிலேயே முறியும்.

பிறகு புஷ், அதாவது பட்டையின் முனைத் துளைக்குள் இருக்கும் உருளை உறை. ஜாக்கி போட்டு, சட்டத்துக்கு ஸ்டாண்டு கொடுத்து, கடப்பாரையால் ஷாக்கிளை (பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஆடும் துண்டை) நெம்பிப் பாருங்கள். 2 மிமீ-க்கு மேல் ஆடினால் நைலான் புஷ் தேய்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக வெண்கல புஷ்ஷும் கிரீஸ் நிப்பிள் உள்ள பின்னும் போட்டு, 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை கிரீஸ் அடியுங்கள். கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு இது நல்ல செலவு.

அதைவிட நல்ல செலவு ஷாக் அப்சார்பர். பல டிரெய்லர்களில் அது கிடையாது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே துள்ளலை அடக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஷாக் அப்சார்பர் போடும்போது, பாரத்தோடு நிற்கும் உயரத்தில் அதன் தண்டு நடுவில் இருக்கும்படி பிராக்கெட் வையுங்கள். முழுதும் அமுங்கி அதுவே முட்டுக்கட்டையாகிவிடக் கூடாது. இடியைத் தாங்க ரப்பர் பம்ப் ஸ்டாப் தனியாக இருக்கட்டும்.

திரும்பக் கட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் சீட்டின் துளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டை செட்டை ஆக்ஸிலோடு இறுக்கிக் கட்டும் யு போல்ட்டும் நட்டும் புதிது போடுங்கள். வண்டியைச் சக்கரத்தில் இறக்கிவிட்டு, நான்கு நட்டையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். 12 மிமீ யு போல்ட்டுக்கு 60 முதல் 90 நியூட்டன் மீட்டர் போதும். ஆக்ஸில்காரர் அளவு கொடுத்திருந்தால் அதுவே கணக்கு. 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று படிந்ததும் யு போல்ட் தளரும். இதை மறப்பவர்கள்தான் ஆக்ஸில் பின்வாங்கி டயர் தேய்ந்தது என்று எழுதுகிறார்கள்.

முப்பந்தல் தாண்டும்போது டிரெய்லர் வாலாட்டுகிறது. பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு பொருத்தியிருக்கிறோம். – தோவாளை வாசகர்

ஆடிக் காற்றின் மேல் பழி போடுவதற்கு முன் அந்த சைக்கிள் ஸ்டாண்டைப் பாருங்கள். ஆக்ஸிலுக்குப் பின்னால், அதுவும் வண்டியின் கடைசியில் ஏற்றும் 40 கிலோ, முன்பக்கக் கப்ளரை (காரோடு மாட்டும் இணைப்பை) தூக்கிவிடும். கப்ளர் காரின் குண்டு மேல் கொடுக்கும் அழுத்தம், அதாவது மூக்குப் பாரம், டிரெய்லரின் மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும். 1,000 கிலோ வண்டிக்கு 70 முதல் 100 கிலோ. கார் கையேட்டில் இதைவிடக் குறைவாக எல்லை போட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். குளியலறைத் தராசின் மேல் மரக்கட்டையை நிறுத்தி, டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி கப்ளரை அதன் மேல் இறக்குங்கள். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள்.

பாரம் சரியாக இருந்தும் ஆடினால், கப்ளரின் நடுவிலிருந்து ஆக்ஸிலின் இரு முனைகளுக்கும் டேப் பிடித்து அளவெடுங்கள். 3 மிமீ-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆக்ஸில் கோணியிருக்கிறது. டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். கப்ளரில் உராய்வு கொடுத்து ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசர் உதவும். ஆனால் தவறான பாரத்தைச் சரியாக்காது.

முப்பந்தல் கணவாயில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள், காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் தானே அடங்கும். டிரெய்லருக்குத் தனி மின்சார பிரேக் இருந்தால் அதை மட்டும் மெல்லப் பிடிக்கலாம்.

முட்டம் கடற்கரையில் மணலில் இறக்கியபோது அலை வந்து ஹப் (சக்கரத்தின் நடுக்கூடு) வரை நனைந்தது. நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டோம். போதாதா? – ராஜாக்கமங்கலம் வாசகி

போதாது. ஓடி வந்த சூட்டில் ஹப்பின் உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கும். குளிர்ந்த கடல்நீர் பட்டதும் அது சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். வெளியே கழுவினால் உள்ளே போன உப்பு வராது. அந்த வாரத்துக்குள் ஹப்பைத் திறந்துவிடுங்கள்.

கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்ததில் சந்தேகமில்லை. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, உருளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். ஊசி குத்தினாற்போல் ஒரு குழி இருந்தாலும் பேரிங்கை அதன் கப்போடு (வெளி வளையத்தோடு) சேர்த்து மாற்ற வேண்டும். புது பேரிங்கைப் பழைய கப்பில் உட்கார வைக்காதீர்கள். ஆயில் சீல் எப்படியும் புதிது. கிரீஸ் லித்தியம் காம்ப்ளெக்ஸ், 2-ஆம் நம்பர். உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் குத்திக் குத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கும் வரை ஏற்றுங்கள். இரண்டு வகை கிரீஸைக் கலக்காதீர்கள்; சிலது ஒன்றோடொன்று சேராமல் நீர்த்துவிடும்.

ஹப்பின் நட்டை முறுக்கும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே 65 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, முழுவதும் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் இறுக்குங்கள். நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னின் துளை நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தும் பக்கம் திருப்பி நேராக்குங்கள். பின் புதிதாக இருக்கட்டும். 15 கிலோமீட்டர் ஓட்டி ஹப்பைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் கூடிவிட்டது.

இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மங்கலாகச் சிமிட்டுகிறது. பல்பு எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. – குளச்சல் வாசகர்

பல்பு மேல் குற்றமில்லை, எர்த் போயிருக்கிறது. விளக்கின் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாதபோது, பக்கத்து பல்பின் இழை வழியாகப் போகப் பார்க்கும். அதனால்தான் ஒன்றைப் போட்டால் இன்னொன்று மங்கலாக எரிகிறது.

7 பின் சாக்கெட்டில் 3-ஆம் பின், வெள்ளை வயர் எர்த். 1 மஞ்சள், இடது இண்டிகேட்டர்; 4 பச்சை, வலது இண்டிகேட்டர்; 5 பழுப்பு, வலது டெயில்; 7 கருப்பு, இடது டெயில்; 6 சிவப்பு, பிரேக். 2 நீலம், பின்பக்க மூடுபனி விளக்கு. உள்ளூரில் வயரிங் செய்த வண்டிகளில் நிறம் மாறியிருக்கும். டெஸ்ட் லேம்ப் வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எல்லா விளக்கையும் எரியவிட்டு, மல்ட்டிமீட்டரின் கருப்பு முனையைக் கார் பேட்டரியின் மைனஸிலும், சிவப்பு முனையை டெயில் லைட்டின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ அடைப்பு. அங்கிருந்து முன்னோக்கி ஒவ்வொரு மூட்டாக வந்தால், எந்த மூட்டைத் தாண்டியதும் அளவு விழுகிறதோ அதுதான் கோளாறு. குளச்சலில் அது பெரும்பாலும் சாக்கெட்டுக்குள்ளேயே இருக்கும். மூடியைத் திறந்தால் பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். வயரின் உறையை ஓர் அங்குலம் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். அந்த வயரில் எவ்வளவு சுரண்டினாலும் பயனில்லை. நல்ல செம்பு தெரியும் வரை வெட்டித் தள்ளுங்கள்.

புதிய வயர் ஈயம் பூசிய செம்பாக இருக்கட்டும். படகுக்கு வயரிங் செய்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும். லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோக முனையை) நல்ல க்ரிம்பிங் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். சால்டரிங்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஈயம் வயருக்குள் ஏறி விறைத்து, ஆட்டத்தில் சரியாக அந்த இடத்தில் ஒடியும். பின்களில் வாசலைன் லேசாகத் தடவினால் ஒரு மழைக்காலம் ஓடும்.

வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) டியூபுலர் பேட்டரியை டிரெய்லரில் வைக்கலாமா? – நாகர்கோவில் வாசகர்

ஓடும் வண்டியில் வேண்டாம். ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, குலுங்கினால் ஆசிட் தளும்பும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். ஆட்கள் தூங்கும் மூடிய பெட்டிக்குள் அது கூடவே கூடாது. ஆயுள் வேண்டுமானால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், ஏறத்தாழ 900 வாட் ஹவர். 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பன்னிரண்டு கிலோ அளவில்தான் இருக்கும். ஆயிரம் வாட் ஹவரைத் தாராளமாகத் தரும். ஆனால் பழைய சார்ஜரையே மாட்டாதீர்கள். 14.2 முதல் 14.6 வோல்ட் வரை ஏற்றும் லித்தியம் செட்டிங் உள்ள சார்ஜர் வேண்டும். பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

காரிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்து டிரெய்லர் பேட்டரிக்குக் கொடுத்திருக்கிறோம். மார்த்தாண்டத்திலிருந்து மதுரை வரை ஓட்டியும் சார்ஜ் ஏறவில்லை, ஃபிரிட்ஜும் அணைந்துவிடுகிறது. – மார்த்தாண்டம் வாசகர்

கார் பேட்டரியிலிருந்து டிரெய்லர் பேட்டரிக்கு 8 மீட்டர் என்றால், போய்வரும் வயர் 16 மீட்டர். 2.5 ஸ்கொயர் எம்எம் வயரில் மீட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லி ஓம். 25 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 3.2 வோல்ட் போய்விடும். 14 வோல்ட் கிளம்பி 11-க்குக் கீழே வந்து சேர்ந்தால் எந்த பேட்டரி ஏறும்? 16 ஸ்கொயர் எம்எம் வயரில் அதே பாரத்துக்கு இழப்பு அரை வோல்ட்தான்.

வயர் மட்டும் மாற்றினாலும் முழுத்தீர்வு இல்லை. பல பிஎஸ்-6 (புதிய மாசு விதிமுறைக்கு ஏற்ற) கார்களில் ஆல்டர்னேட்டர் எரிபொருள் மிச்சம் பிடிக்க, கார் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜைக் குறைத்துவிடும். டிரெய்லரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் டிசி டிசி சார்ஜர் ஒன்று வைத்தால் அது குறைந்த வோல்டேஜையும் உயர்த்திக் கொடுக்கும். லித்தியம் பேட்டரி ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரேயடியாக மின்சாரத்தை உறிஞ்சி அதைச் சூடாக்குவதையும் தடுக்கும். வயரின் இரு முனையிலும், அதாவது ஒவ்வொரு பேட்டரி பக்கத்திலும், 40 ஆம்பியர் ஃபியூஸ். கார், டிரெய்லர் இடையே 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் (அதிக மின்சாரம் தாங்கும் இணைப்பு). 7 பின் சாக்கெட்டின் சின்னப் பின் இந்த மின்சாரத்தில் உருகிவிடும். ஃபிரிட்ஜுக்கு டிரெய்லர் பேட்டரியிலிருந்து தனியாக 6 ஸ்கொயர் எம்எம் வயர் இழுங்கள். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் விழுவதுதான் அது அணையக் காரணம்.

லாட்ஜ் வளாகத்தில் கரண்ட் எடுத்தால் கதவுக் கைப்பிடி சுரீர் என்கிறது. – தக்கலை வாசகி

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு மற்றது. உள்ளே ஏதோ ஒரு கருவியிலிருந்து, பெரும்பாலும் வாட்டர் ஹீட்டரிலிருந்து, கசியும் மின்சாரம் எர்த் கிடைக்காமல் வண்டியின் தகட்டில் நிற்கிறது. மூன்று கோர் வயரின் பச்சை எர்த் டிரெய்லர் சட்டத்தோடு போல்ட் போட்டுச் சேர்ந்திருக்கிறதா, லாட்ஜ் பிளக் பாயின்ட்டில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லாவிட்டால் அந்த இடத்தில் கரண்டே எடுக்காதீர்கள். வண்டியின் உள்ளே கரண்ட் நுழையும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு கண்டதும் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) போடாமல் இனி மாட்டாதீர்கள். அது விழுந்துகொண்டே இருந்தால் பழுதானது பெரும்பாலும் அதுவல்ல, உள்ளே இருக்கும் ஏதோ ஒரு கருவி. ஒவ்வொரு கருவியாகக் கழற்றிவிட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.