தறிச் சத்தத்துக்கு நடுவே ஹெச்டி 600

வணக்கம். கடையில் பிரமாதமாக இருந்த சென்ஹைசர் ஹெச்டி 600 ஹெட்போன், அம்மாப்பேட்டை வீட்டில் போனில் செருகினால் பேஸே (கனத்த அடி ஒலியே) இல்லை, அரை மணி நேரத்தில் மூக்குக்கண்ணாடிக் காம்பு அழுத்திக் காது வலிக்கிறது, விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு விற்காதீர்கள்.

பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முக்கியக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். இது பின்புறம் திறந்த வகை, வெளிச் சத்தத்தைத் தடுக்காது. தறியின் இரைச்சல் பாட்டின் பேஸை மூடிவிடும். தறி நின்ற பிறகு, நன்கு பழகிய கச்சேரிப் பதிவு ஒன்றில் மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது இடந்தலையைக் கவனியுங்கள். அதில் எழும் கும்கி என்ற கனத்த நாதம் குழைந்து எழுவது தெளிவாகக் கேட்டால் ஹெட்போனில் குறையில்லை. நெஞ்சை அதிரவைக்கும் ஆழமான பேஸ் மட்டும் இதில் குறைவுதான். 1997இல் வந்த நாளிலிருந்தே அதன் சுபாவம் அது.

அப்புறம், இதன் மின்தடை 300 ஓம். பல போன்களால் இதற்குத் தேவையான வோல்டேஜைத் தர முடியாது. ஒரு ஹெட்போன் ஆம்ப்பை (ஒலிபெருக்கும் கருவியை) இரவல் வாங்கிக் கேளுங்கள். போனையும் ஆம்ப்பையும் ஒப்பிடும்போது இரண்டிலும் ஒலி அளவு சமமாக இருக்கட்டும், சற்றுச் சத்தமாக இருப்பதே நல்லதாகத் தோன்றிவிடும்.

வலிக்குக் காரணம் புதுசின் இறுக்கம். இரவில் தலையைவிடச் சற்று அகலமான புத்தக அடுக்கில் மாட்டி வையுங்கள், மெல்லத் தளரும். மூடிய வகைக்கு மாறினால் பெரும்பாலும் காதைச் சுற்றித் தோல் மாதிரியான பேட்தான் வரும்; சேலம் வெயிலில் காது வெந்துவிடும். தறி ஓடும் நேரத்துக்கு, காதுக்குள் அடைக்கும் நல்ல இயர்போன் ஒன்று போதும்.