ஏர் ஃபில்டர் பெட்டியில் துளை போடலாமா?

துளை போடாதீர்கள். மேம்பாலம் ஏறும்போது லாரி இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, பெட்டியில் துளை போட்டால் காற்று கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபில்டருக்கு முன்பக்கம் துளைத்தால் இன்ஜினைச் சுற்றியுள்ள சூடான காற்றுதான் உள்ளே போகும். அதில் அடர்த்தி குறைவு. பின்பக்கம் துளைத்தாலோ மணலி, எண்ணூர் சாலையின் நிலக்கரித் தூள் நேராகப் போய், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவைத் தின்றுவிடும். இரண்டுமே நஷ்டம்.

கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் ஓடும் வண்டிக்கு முதல் சந்தேகம் அடைபட்ட ஃபில்டர்தான்.

1. பெட்டியில் இருக்கும் அடைப்புக் காட்டியைப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் வெளி ஃபில்டரை மாற்றுங்கள். கையில் பணம் இல்லையென்றால் உள்ளிருந்து வெளியே, 30 பிஎஸ்ஐக்கு மிகாமல் காற்றடிக்கலாம். உள் ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

2. டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் குழாய்களைத் தடவிப் பாருங்கள். இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அழுத்தக் காற்று அங்கே கசிகிறது. புதிய கிளாம்ப் போடுவது துளை போடுவதைவிட எவ்வளவோ பயனுள்ள செலவு.

வெளிக்காற்றை உள்ளிழுக்கும் குழாயின் வாயை மட்டும் கீழே இறக்கிவிடாதீர்கள். மழைக்காலத்தில் மணலி புதுநகர்ப் பக்கம் தேங்கும் நீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடே வளைந்துவிடும். இவை எல்லாம் சரியாக இருந்தும் புகை நிற்கவில்லை என்றால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சோதியுங்கள்.